இங்கிலீஷ் மலை

மனிதர்கள் பற்பல காரணங்களை முன்னிட்டு மலை ஏறுகிறார்கள். சிலர் ஸ்வாமி தரிசனத்துக்காக ஏறுகிறார்கள். சிலர் கோடை வெயிலுக்குப் பயந்து ஏறுகிறார்கள். க்ஷய ரோகத்துக்கு மருந்து இல்லாத காலத்தில் வைத்தியர் சொல்லி ஏறியவர்களும் உண்டு. ஆனால் இலக்கணம் படிப்பதற்காக, அதிலும் இங்கிலீஷ் இலக்கணம் படிப்பதற்காக, கடல் கடந்து வந்து 5,000 அடி உயரம் ஏறுகிறவர்களைப் பற்றி நேயர்கள் அதிகமாகக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவர்களைக் காண விரும்புவோர் பிலிப்பைன் தீவுகளில் உள்ள பாகியோ நகரத்துக்குப் போக வேண்டும்.

மணிலாவிலிருந்து வடக்கே சுமார் 250 கிலோமீட்டர். பாதி வழிக்கு மேல் சமவெளிதான். இரு புறமும் நெல் வயல், வயலிலே எருமை, வரப்பிலே குனிந்து நாற்றுப் பார்க்கும் குடியானவன். தஞ்சாவூர் ஜில்லாவில் பஸ் ஏறித் தூங்கிப் போனவர் ஒருவர் இங்கே கண் விழித்தாரானால், அடுத்த ஊர் மன்னார்குடிதானா என்று கண்டக்டரைக் கேட்பார். பிறகு மலைப் பாதை ஆரம்பமாகிறது. மூங்கிலும் வாழையும் விடை பெற்றுக்கொள்கின்றன. பைன் மரங்கள் எதிர்கொண்டு அழைக்கின்றன. பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கம்பளிச் சட்டைகளை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். நாமும் நம்மிடமிருந்த மேல்வேஷ்டியைக் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டோம்.

ஊரின் பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. மணிலாவாசிகளின் தகாலோக் பாஷையில் 'பாக்யோ' என்றால் புயல். ஆகையால் இது புயலூர் என்று எண்ணிக்கொள்கிறவர்கள் பலர். உண்மையில் பெயர் அந்த மலையின் பூர்வ குடிகளான இபலோய் மக்களுடையது. அவர்கள் பாஷையில் 'பாகியூ' என்றால் பாசி. நாம் போயிருந்த ஜூலை மாதத்தில் இரண்டு அர்த்தமும் சரியாகவே இருந்தன. 1911-ஆம் வருஷம் இதே ஜூலையில் இந்த ஊரில் 24 மணி நேரத்துக்குள் 46 அங்குல மழை பெய்ததாகக் கணக்கு இருக்கிறது. சென்னைப் பட்டணத்தில் ஒரு வருஷம் முழுவதும் பெய்கிற மழையில் முக்கால் பங்குக்கு மேல்!

நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் உதகமண்டலத்தை அமைத்துக்கொண்டது போல, 1898-இல் இத்தீவுகளை ஸ்பெயின் தேசத்தாரிடமிருந்து 2 கோடி டாலர் கொடுத்துப் பெற்றுக்கொண்ட அமெரிக்கர்கள் தங்கள் குளிருக்காக இந்த ஊரை அமைத்தார்கள். டேனியல் பர்ன்ஹாம் என்ற பெயர்பெற்ற நகர நிர்மாண நிபுணர் திட்டம் வகுத்துக் கொடுத்தார். அவர் பெயரால் நடு ஊரில் ஒரு பூங்கா இருக்கிறது. அதில் ஓர் ஏரி, ஏரியில் அன்னப் பறவை வடிவத்தில் படகுகள். கடைத் தெருவுக்கு 'ஸெஷன் சாலை' என்று பெயர். அமெரிக்க நிர்வாகக் கமிஷன் 1904-இல் இங்கே கூடி 'ஸெஷன்' நடத்தியதால் வந்த பெயர் அது. மேய்ச்சல் நிலத்தைப் பறிகொடுத்த மாத்தியோ கரீனியோ என்ற இபலோய் தலைவர் விடவில்லை, கோர்ட்டுக்குப் போனார். வழக்கு அமெரிக்காவின் சுப்ரீம் கோர்ட்டு வரையில் சென்றது. நினைவுக்கெட்டாத காலந்தொட்டு ஜனங்கள் அனுபவித்து வந்த நிலம் ஒருநாளும் சர்க்கார் நிலமாகிவிடாது என்று 1909-இல் அந்தக் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. தீர்ப்பு வந்தபோது கேட்டு மகிழக் கரீனியோ உயிருடன் இல்லை.

நிலத்தைப் பற்றிச் சொன்னோம்; இனிப் பாஷையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

300 வருஷங்களுக்கு மேல் ஆண்ட ஸ்பானியர்கள் தங்கள் மதத்தைத் தாராளமாகக் கொடுத்தார்கள். பாஷையைக் கொடுப்பதில் மட்டும் கருமித்தனம் காட்டினார்கள். அமெரிக்கர்கள் அந்தத் தவற்றைச் செய்யவில்லை. பள்ளிக்கூடங்களில் இங்கிலீஷே போதனா பாஷை என்று 1901 ஜனவரியில் சட்டம் செய்தார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் 'தாமஸ்' என்னும் ராணுவக் கப்பல் மணிலாத் துறைமுகத்தில் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர்கள் சிப்பாய்கள் அல்ல. சுமார் 500 உபாத்தியாயர்களும் உபாத்தியாயினிகளும்! நாட்டில் யுத்தம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஒரு கையில் துப்பாக்கி, மற்றொரு கையில் அரிச்சுவடி. துப்பாக்கியைவிட அரிச்சுவடிதான் அதிக காலம் நீடித்தது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. 1946-இல் தேசம் சுதந்திரம் அடைந்தது. இங்கிலீஷ் கப்பலேறவில்லை.

அன்று அந்த 500 பேரிடம் பாடம் படித்தவர்களின் கொள்ளுப் பேரன்மாரும் பேத்திமாரும் இன்று கொரியர்களுக்கும் ஜப்பானியர்களுக்கும் தைவான்காரர்களுக்கும் வியட்நாமியர்களுக்கும் இங்கிலீஷ் கற்றுக்கொடுத்துச் சம்பாதிக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் நாம் ஒரு வாரம் இருந்து பார்த்தோம்.

வகுப்பு என்றதும் நேயர்கள் மனத்தில் தோன்றும் பெஞ்சும் மேடையும் அங்கே இல்லை. ஒரு நீண்ட கூடத்தைப் பலகைத் தடுப்புகளால் தேனடைபோல் அறுத்து அறுத்துக் கூண்டுகளாகச் செய்திருக்கிறார்கள். கூண்டு ஒன்றுக்கு ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு சிறிய வெள்ளைப் பலகை, ஓர் உபாத்தியாயினி, ஒரே ஒரு மாணாக்கர். ஐம்பது நிமிஷம் பாடம், மணி அடிக்கிறது, பத்து நிமிஷம் ஓய்வு, மறுபடியும் மணி. மாணாக்கர்கள் கூண்டு மாறுகிறார்கள், உபாத்தியாயினி அசைவதில்லை. ஒரு நாளைக்கு எட்டுப் பாடம். மூன்றாவது நாற்காலிக்கு இடமில்லாதபடியால், நாம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தோம். அறுபது கூண்டுகளில் அறுபது பேர் ஒரே சமயத்தில் இங்கிலீஷுடன் மல்லுக்கட்டும் சத்தத்தைக் கேட்டால், வேத பாடசாலைக்கும் சந்தைக் கடைக்கும் நடுவே உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும்.

ஓர் ஆளுக்கு ஓர் உபாத்தியாயினி என்பது ராஜகுமாரர்களுக்கு ஏற்ற ஏற்பாடல்லவா? லண்டனிலோ நியூயார்க்கிலோ இப்படிப் படிக்க வேண்டுமானால் சாமானிய மனிதன் வீட்டை விற்க வேண்டும். பாகியோவில் அது சாத்தியமாவதற்குக் காரணம் ஒன்றே: உபாத்தியாயினியின் சம்பளம் குறைவு. பள்ளிக்கூடத்தின் வர்ண விளம்பரத்தில் மலைக் காற்று, பைன் மரம், ஸ்ட்ராபெர்ரித் தோட்டம் எல்லாம் இருக்கின்றன. இந்தக் காரணம் மட்டும் இல்லை.

இவ்வகைப் பள்ளிகளுக்கு 'ஸ்பார்ட்டா' முறைப் பள்ளிகள் என்று பெயர். பூர்வ கிரேக்க நாட்டில் பிள்ளைகளைப் பட்டாளத்தில் வளர்த்த ஊர் அல்லவா ஸ்பார்ட்டா? காலையில் கண் விழித்ததும் வார்த்தைப் பரீக்ஷை. மாலையில் கட்டாயப் படிப்பு. திங்கள் முதல் வியாழன் வரையில் வாசலைத் தாண்டக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தாய்மொழியில் ஒரு வார்த்தை பேசினால் 50 பெஸோ அபராதம். அதற்கென்று ஆபீஸ் மேஜையில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்திருந்தார்கள். நாம் போன அன்றே அது பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. கால் விரலை மேஜைக் காலில் இடித்துக்கொண்ட ஒரு கொரியப் பையன் இங்கிலீஷில் அலற மறந்துபோய்ப் பணம் கட்டியதையும் பார்த்தோம்.

நாம் யாருடைய வாசற்படியில் உட்கார்ந்தோமோ அந்த அம்மாளுக்குச் சுமார் முப்பது வயது. படித்தது நர்ஸ் படிப்பு. அயல்நாட்டு ஆஸ்பத்திரிகளுக்குப் போகலாம் என்று தீவுகளெங்கும் ஆயிரக்கணக்கானவர்கள் நர்ஸ் படிப்புப் படித்து முடித்த சமயத்தில் அயல்நாட்டுக் கதவுகள் பாதி சாத்திக்கொண்டன. அவர்களில் பலர் இங்கிலீஷ் உபாத்தியாயினிகளானார்கள். நோயாளியிடம் பேசுகிற குரலிலேயே இந்த அம்மாள் மாணாக்கர்களிடமும் பேசுகிறார். ஆசிரியருக்கு இந்த நாட்டுப் பாஷையில் 'குரோ' என்று பெயர். நமது 'குரு'தான் எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன் கப்பலேறிப் போய் அங்கே குடியேறியிருக்கிறார். முகத்துக்கு 'முக்ஹா' என்கிறார்கள். குருவின் முகத்தை அங்கே போய் நாம் புதிதாகப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

காலை எட்டு மணி மாணாக்கர் பூசான் துறைமுகத்திலிருந்து வந்த எஞ்சினீயர். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும், நரைத்த தலை, மடிப்புக் கலையாத சட்டை. மற்றக் கொரியர்கள் பள்ளிக்கு வந்ததும் ஆளுக்கொரு இங்கிலீஷ் பெயர் சூட்டிக்கொள்கிறார்கள். இவர் மட்டும் தம் தகப்பனார் வைத்த பெயர் தமக்குப் போதும் என்று சொல்லிவிட்டாராம். இவருடைய கம்பெனி இவரை வெளிநாட்டுக்கு அனுப்ப உத்தேசித்திருந்தது. அதற்குமுன் 'டோயிக்' என்னும் பரீக்ஷையில் குறிப்பிட்ட மார்க்கு வாங்கியாக வேண்டும். 990 மார்க்குக்கு நடக்கும் பரீக்ஷை அது. ஜப்பானியரின் தேவைக்காக 1979-இல் ஏற்பட்டுக் கொரியாவையும் பிடித்துக்கொண்டது. அதில் மார்க்கு வராவிட்டால் தம்மைவிட இளையவர் ஒருவர் தமக்கு மேலதிகாரி ஆகிவிடுவார் என்று எஞ்சினீயர் முதல் நாளே சொல்லி வைத்திருந்தார்.

திங்கட்கிழமைப் பாடம் காப்பியில் ஆரம்பித்தது. கொரிய பாஷையில் 'ஃப' என்ற ஓசை கிடையாது. 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று உபாத்தியாயினி கேட்க, எஞ்சினீயர் 'காப்பி' என்றார். 'காப்பி என்றால் நகல். நீங்கள் கேட்பது கா-ஃபி' என்று அந்த அம்மாள் கீழுதட்டைப் பல்லால் கடித்துக் காட்டினார். எஞ்சினீயரும் கடித்தார். கடித்தபடியே மறுபடியும் 'காப்பி' என்றார். இது கால் மணி நேரம் நடந்தது. வாசற்படியில் இருந்த நமக்குத் தர்மசங்கடமாயிருந்தது. கும்பகோணத்தில் பித்தளை டவரா டம்ளரில் வைத்துக் கொடுப்பதும் காப்பிதான். பரீக்ஷை மண்டபத்தில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுவதும் காப்பிதான். இத்தனை நாளாக அதனால் நமக்கு ஒரு குறைவும் வந்ததில்லை. பிலிப்பைன் ஜனங்களும் வீட்டில் 'காப்பே' என்றுதான் சொல்கிறார்கள் என்பதை அந்த அம்மாள் பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

ஓசையைவிடப் பெரிய சங்கடம் வினைச் சொல். கொரியரும் ஜப்பானியரும் நம்மைப் போலவே வினையைக் கடைசியில் வைக்கிறவர்கள். 'நான் நேற்றுச் சந்தையில் மீன்' என்று சொல்லி நிறுத்தினால், வாங்கினாரா, விற்றாரா, பார்த்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினாரா என்பது வாக்கியம் முடிந்த பிறகே தெரியும். உபாத்தியாயினியின் தாய்மொழியான இலோகானோவிலோ வினை எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நிற்கும். இங்கிலீஷில் அது நடுவே உட்கார்ந்திருக்கிறது. ஆகவே அந்தக் கூண்டுக்குள் ஒருவர் வாலிலிருந்தும் மற்றவர் தலையிலிருந்தும் புறப்பட்டு நடுவழியில் சந்திக்க வேண்டியிருந்தது. சில நாள் சந்தித்தார்கள். சில நாள் ஒருவரையொருவர் தாண்டிப் போய்விட்டார்கள்.

ஒன்பது மணிக்கு ஒரு ஜப்பானியப் பெண். தப்பாகப் பேசுவதைக் காட்டிலும் பேசாமலிருப்பதே மேல் என்று இரண்டு வாரமாக மௌன விரதம். பதினொரு மணிக்குப் பத்து வயதுக் கொரியச் சிறுவன். அவனும் அவன் தாயாரும் பாகியோவில் வீடு எடுத்து வசிக்கிறார்கள். தகப்பனார் கொரியாவில் சம்பாதித்துப் பணம் அனுப்புகிறார். இப்படி வருஷத்தில் ஒருமுறை பறந்து வந்து குடும்பத்தைப் பார்த்துப் போகிற தகப்பன்மார் அந்த நாட்டில் ஏராளம். அவர்களுக்கு 'கிரோகி அப்பா' என்று பெயர். 'கிரோகி' என்றால் காட்டு வாத்து. 'அப்பா' என்பதற்கு நாம் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை, அங்கும் அப்பாதான். அந்தப் பையன் எல்லாரிலும் நன்றாக இங்கிலீஷ் பேசினான். ஆனால் டெலிபோனில் தகப்பனாருடன் கொரிய பாஷையில் பேசும்போது இப்போதெல்லாம் வார்த்தைக்குத் தடுமாறுகிறான் என்று உபாத்தியாயினி சொன்னார். மார்க்குப் பட்டியலில் இதற்கு ஒரு பத்தி கிடையாது.

பிற்பகலில் நான்கு பேர் சேர்ந்து படிக்கும் வகுப்பு ஒன்று உண்டு. செவ்வாய்க்கிழமை அங்கேதான் வினை முளைத்தது. எஞ்சினீயர் இங்கிலீஷில் சொன்ன ஒரு வாக்கியத்துக்கு அர்த்தம் இது: 'நமது மனைவி பூசானில் இருக்கிறாள்.' தைவான் இளைஞன் ஒருவன் குபீரென்று சிரித்துவிட்டான். 'நமது அல்ல, எனது. மனைவி விஷயத்தில் கூட்டு வியாபாரம் கிடையாது' என்று உபாத்தியாயினியும் வேடிக்கையாகச் சொல்லிவிட்டார். அதே வகுப்பில் இருபது வயதுக் கொரியப் பையன் ஒருவன் இருந்தான். அவன் சிரிக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டான். கொரியாவில் மூத்தவர் முன்னிலையில் இளையவன் வாய் திறப்பதற்கே யோசிப்பான். அவன் பார்க்கும்படி அவனுடைய தகப்பன் வயதுள்ளவரைச் சிரிப்புக்கு இடமாக்கியது சின்ன விஷயமல்ல. எஞ்சினீயரின் காது மடல் சிவந்தது. மணி அடிக்கும் வரையில் அவர் வேறு வார்த்தை பேசவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஒரு விதி இருக்கிறது. உபாத்தியாயினி பிடிக்கவில்லையானால் மாணாக்கர் ஒரு காகிதத்தில் காரணம் எழுதிக் கொடுத்து வேறொருவரிடம் மாறிக்கொள்ளலாம். புதன்கிழமை மத்தியானத்துக்குள் கொடுக்க வேண்டும். மாறிவிட்டால் அந்த மணி நேரம் காலி; காலியான மணிக்குச் சம்பளம் இல்லை. செவ்வாய் இரவே எஞ்சினீயர் ஆபீஸில் அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார் என்ற செய்தி சமையற்கட்டு வழியாக வந்து சேர்ந்தது. அந்த அம்மாள் அன்று மாலை நம்முடன் ஸெஷன் சாலையில் நடந்து வந்தபோது அதிகம் பேசவில்லை. மூடுபனியில் விளக்குகள் மங்கலாக எரிந்தன. தம்பியின் காலேஜ் சம்பளத்தை எந்த மாதம் கட்ட வேண்டும் என்று மட்டும் ஒருமுறை விரல் விட்டு எண்ணினார்.

புதன்கிழமை எட்டு மணிக்கு எஞ்சினீயர் வந்து உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். காரணத்தை இங்கிலீஷில்தான் எழுத வேண்டும் என்பதும் விதி. மூன்று வரி எழுதியிருந்தார். ஆபீஸில் கொடுப்பதற்குமுன் பிழை இருந்தால் திருத்தித் தர வேண்டும் என்று, மிக்க மரியாதையுடன், உபாத்தியாயினியையே கேட்டுக்கொண்டார்!

அந்த அம்மாள் சிவப்பு மையை எடுத்தார். ஓர் இடத்தில் 'எ' சேர்த்தார். இரண்டு இடத்தில் 'தி' சேர்த்தார். ஒரு நிகழ்காலத்தை இறந்தகாலமாக்கினார். ஏன் இறந்தகாலம் என்பதற்கு இரண்டு உதாரணமும் கொடுத்தார். அவர் கை ஆடவில்லை. எஞ்சினீயர் திருத்திய காகிதத்தை வாய்விட்டு ஒருமுறை படித்தார். மனத்துக்குள் ஒருமுறை படித்தார். பிறகு நான்காக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, புஸ்தகத்தைத் திறந்து, 'எத்தனையாவது பக்கம்?' என்று கேட்டார். நல்ல இங்கிலீஷில் படித்துப் பார்த்தபோது காரணம் அவ்வளவு பலமாகத் தோன்றவில்லையோ என்னவோ.

வியாழக்கிழமைப் பாடம் நாம் கேட்ட பாடங்களிலெல்லாம் சிறந்தது. உபாத்தியாயினி பலகையில் 'வீ' என்னும் இங்கிலீஷ் வார்த்தையை எழுதினார். அதற்குக் கீழே, பள்ளிக்கூட விதிக்கு விரோதமாக, தம் தேசத்து வார்த்தைகள் இரண்டை எழுதினார்: 'தாயோ', 'காமி'. கேட்கிறவரையும் சேர்த்துச் சொன்னால் தாயோ. அவரை விட்டுவிட்டுச் சொன்னால் காமி. 'இங்கிலீஷ்காரனுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அவன் 'வீ' என்று சொல்லும்போது உங்களைச் சேர்த்துக்கொண்டானா, வெளியே நிறுத்தினானா என்று அவன் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்' என்றார். எஞ்சினீயர் தம் கட்சியை எடுத்துச் சொன்னார். கொரியாவில் வீடு, ஊர், தாயார், மனைவி எல்லாவற்றையும் 'ஊரி' என்று, நம்முடையது என்றே சொல்வார்களாம். என்னுடையது என்று சொன்னால் அற்பத்தனமாகத் தோன்றுமாம். செவ்வாய்க்கிழமை சொன்னது மனைவியைப் பங்கு போட அல்ல. தம் வீட்டைக் கௌரவப்படுத்த.

வாசற்படியில் நமக்கு இருப்புக்கொள்ளவில்லை. தமிழிலும் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு என்றும், எங்கள் ஊரில் ஸ்திரீகள் புருஷனை 'எங்கள் வீட்டுக்காரர்' என்றுதான் சொல்வார்கள், ஒருவரும் சிரிப்பதில்லை என்றும் சாட்சி சொன்னோம். எஞ்சினீயருக்கு முகம் மலர்ந்துவிட்டது. பத்திரிகை எழுதும் ஒற்றை மனிதர், வாசகர்களைக் கேளாமலே அவர்களையும் சேர்த்துக்கொண்டு 'நாம்' என்று எழுதும் எங்கள் வழக்கத்தையும் சொன்னோம். 'அதற்கு உங்கள் ஊரில் அபராதம் இல்லையா?' என்று கேட்டார் உபாத்தியாயினி.

அபராதம் என்றதும் தம் பாட்டியைப் பற்றிச் சொன்னார். பாட்டி படித்த பள்ளிக்கூடத்தில் இலோகானோ பேசினால் ஒரு ஸென்டாவோ அபராதமாம். நமது தேசத்துக் கான்வென்ட்டுகளில் தமிழ் பேசியதற்காகக் காசு கட்டிய பெண்மணிகள் நமது நேயர்களிலும் இருப்பார்கள். இப்போது பேத்தியின் வேலை கொரியர்களிடம் காசு வசூலிப்பது. இங்கிலீஷ் படிப்பு பிலிப்பினோக்களைத் தங்களுக்கே அன்னியராக்கிவிட்டது என்று ரெனாட்டோ கான்ஸ்டன்டினோ என்ற சரித்திர ஆசிரியர் 1966-இல் வெளியான கட்டுரையில் வாதித்தார். அதைக் காலேஜில் படித்ததாக அந்த அம்மாள் சொன்னார். 'இங்கிலீஷில்தான் படித்தேன், இங்கிலீஷில்தான் எழுதியிருந்தார்' என்றும் சொன்னார். குழந்தைகள் முதல் மூன்று வகுப்புவரை தாய்மொழியிலேயே படிக்கலாம் என்று 2012-இல் தொடங்கிய ஏற்பாட்டை 2024-இல் ஒரு சட்டத்தின் மூலம் கைவிட்டார்கள். தீவுகளில் நூற்றுக்கு மேற்பட்ட பாஷைகள். புஸ்தகம் போதவில்லை, பயிற்சி போதவில்லை என்பது கைவிட்டவர்கள் சொன்ன காரணம். புஸ்தகம் போதவில்லையானால் அச்சடிப்பதுதானே பரிகாரம் என்பது நமது அபிப்பிராயம்.

இவ்வளவு நன்றாகப் பாடம் சொல்லுகிறவர் கொரியாவுக்கே போய்ச் சொல்லிக்கொடுத்தால் நாலு மடங்கு சம்பாதிக்கலாமே என்று கேட்டோம். அந்த அம்மாள் சிரித்தார். அங்கே பாஷைப் போதகர்களுக்கென்று 'இ-2' என்ற விஸா இருக்கிறது. இங்கிலீஷ் போதிக்க அதைப் பெற வேண்டுமானால், பொதுவான விதிப்படி அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 தேசங்களில் ஒன்றின் பிரஜையாக இருக்க வேண்டும். பிலிப்பைன் அந்த ஏழில் இல்லை. கொரியர் கடல் கடந்து வந்து இவரிடம் கற்றுக்கொள்ளலாம். இவர் கடல் கடந்து போய்க் கற்பிக்க முடியாது. டெலிபோனில் அமெரிக்க வாடிக்கைக்காரர்களின் புகார்களைக் கேட்கும் கம்பெனிகள் மலைமேலேயே இருக்கின்றன, சம்பளமும் அதிகம். இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும் என்பதால் இன்னும் போகவில்லை. 2020-இல் கோவிட் நோய் வந்து கூண்டுகளெல்லாம் காலியானபோது, மறுபடி அயல்நாட்டார் வர ஆரம்பித்த 2022 வரையில், வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் திரையில் ஜப்பானியக் குழந்தைகளுக்கு 25 நிமிஷப் பாடம் சொல்லிக் காலம் தள்ளினாராம். பக்கத்து வீட்டுச் சேவல் கூவும்போதெல்லாம் குழந்தைகள் பாடத்தை விட்டுச் சேவலைக் காட்டச் சொல்வார்களாம்.

ஜப்பானியப் பெண்ணை மறந்துவிட்டோமே! வியாழக்கிழமை அவள் பல் வலியால் டாக்டர் வீட்டுக்குப் போக விசேஷ அனுமதி பெற்று வெளியே போனாள். திரும்பும்போது தப்பான ஜீப்னி வண்டியில் ஏறி ஊருக்கு வெளியே போய்விட்டாள். மழை, இருட்டு. ஓட்டுநரிடம் சண்டை போட்டு, வழி கேட்டு, மிச்சச் சில்லறையையும் விடாமல் வாங்கிக்கொண்டு ஏழு மணிக்கு வந்து சேர்ந்தாள். மறுநாள் ஒன்பது மணிக்கு அந்தக் கூண்டுக்குள் ஐம்பது நிமிஷமும் உபாத்தியாயினிக்குப் பேச இடம் கிடைக்கவில்லை. அவள் பேசிய இங்கிலீஷில் இலக்கணம் என்பது பேருக்கும் இல்லை. சிவப்பு மை மூடியபடியே இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை விடை பெறும் வைபவம். வாரந்தோறும் யாராவது வருகிறார்கள், யாராவது போகிறார்கள். ஆகவே வாரந்தோறும் பிரிவுபசாரம், போட்டோ, கொஞ்சம் அழுகை. ஐம்பத்திரண்டு வெள்ளிக்கிழமையும் எப்படி அழ முடிகிறது என்று கேட்டதற்கு, 'ஒவ்வொரு தடவையும் வேறு ஆளல்லவா?' என்றார் அந்த அம்மாள்.

எஞ்சினீயருக்கு அது கடைசி நாள். மேடையேறி, எழுதி வைத்த பிரசங்கத்தை வாசித்தார். வினைகள் பெரும்பாலும் நடுவில் இருந்தன. காப்பியைப் பற்றி ஒரு ஹாஸ்யம் கூடச் சொன்னார். 'ஃப' இரண்டில் ஒன்று சரியாக வந்தது. முடிக்கும் இடத்துக்கு வந்ததும் 'வீ' என்றார், நிறுத்தினார், காகிதத்தை மடித்துக்கொண்டார். உபாத்தியாயினி உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பி, 'தாயோ' என்றார். கூடத்தில் இருந்த உபாத்தியாயினிகளெல்லாரும் கை தட்டினார்கள். கொரியர்களுக்கும் ஜப்பானியர்களுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. எஞ்சினீயர் மேடையிலிருந்து இறங்கி நேரே ஆபீஸ் மேஜைக்குப் போய், கண்ணாடிப் பெட்டியில் 50 பெஸோ நோட்டு ஒன்றைப் போட்டார். அது அவருடைய தாய்மொழி அல்லவே, அபராதம் செல்லுமா என்று அங்கே ஒரு சிறு தர்க்கம் நடந்தது. நோட்டை ஒருவரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

கூண்டின் கதவில் ஒட்டியிருந்த கால அட்டவணையில் எட்டு மணிக் கட்டத்தை அந்த அம்மாள் ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். தைவானிலிருந்து ஒரு மாணாக்கி திங்கட்கிழமை வருகிறாளாம், எட்டு வாரம், இங்கிலீஷ் அட்சரம் மட்டும் தெரியுமாம்.